கைப்பற்றலும் பறிமுதலும்: குற்றத்தில் பிடிபட்ட வாகனத்தைச் சட்டம் நடத்தும் விதம்

மணல் ஏற்றிய டிராக்டர் பறிமுதல், காரைக்கால் மதுப்புட்டிகளுடன் கார் பறிமுதல், ரேஷன் அரிசி கடத்திய வேன் பறிமுதல் என்பன போன்ற தலைப்புகளை நம் பகுதியினர் நாளிதழ்களில் அடிக்கடி காண்கின்றனர். இச்செய்திகளில் வரும் 'பறிமுதல்' என்ற சொல் பெரும்பாலும் பிழையாகவே ஆளப்படுகிறது. அன்றைய தினம் நிகழ்ந்தது பறிமுதல் அன்று, கைப்பற்றல் மட்டுமே. காவலரோ வருவாய்த் துறையினரோ ஒரு வாகனத்தை ஓட்டிச் சென்று நிலைய வளாகத்தில் நிறுத்துவதால் அதன் உடைமை மாறிவிடுவதில்லை. உடைமை மாறி அரசுக்குச் சேர்வதே பறிமுதல். அதற்குத் தனி விசாரணையும் தனி ஆணையும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில் உரிமையாளருக்கென்று சட்டம் திறந்து வைத்திருக்கும் வாயில்கள் சில உள்ளன. சொல் மயக்கத்தால் அவற்றை அறியாமலே 'வண்டி போய்விட்டது' என்று வீட்டில் இருந்துவிடுவோர் பலர். அவர்களுக்கும், வாகனத்தை வாடகைக்கு விட்டுப் பிழைப்போர்க்கும் பயன்படட்டும் என்றே இதனை விளக்கப் புகுகிறோம்.

குடவாசலின் இருப்பிடம் இப்பொருளுக்கு மிகவும் ஏற்றது. திருவாரூர் மாவட்டத்தின் வட்டத் தலைநகரான இவ்வூர் கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் இடைப்பட்டது. கிழக்கே சிறிது தொலைவு சென்றால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்கால். அங்கே மதுவின் விலை குறைவு என்பதால் எல்லை தாண்டி அது வருகிறது. சுற்றிலும் காவிரியின் கிளைகள். கோடையில் அவை மணற்படுகைகளாகக் கிடக்கின்றன. நெல் விளையும் நாடாதலால் அரிசி ஆலைகளுக்கும் பஞ்சமில்லை. நியாய விலைக் கடையிலிருந்து வெளியேறும் அரிசிக்கு வாங்குவோரும் இல்லாமல் போவதில்லை. வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பிய நம்மவர் பலர், கையிலிருந்த சேமிப்பை முன்பணமாகக் கட்டி, மீதிக்கு நிதி நிறுவனத்தில் கடன் பெற்று, மக்கள் 'குட்டியானை' என்றழைக்கும் சிறு சரக்கு வண்டியொன்றை வாங்கி வாடகைக்கு விடுகின்றனர். அத்தகைய வண்டி ஒன்றை எண்ணிக் கொள்வோம். ஓட்டுநர் ஒருவர், உரிமையாளர் வீட்டிலிருக்கிறார். அவ்வண்டி ஒரு நாள் சட்டத்துக்குப் புறம்பான சரக்கோடு பிடிபடுகிறது. அதன் கதி என்ன? வண்டி எது என்பதைவிட, ஏற்றியிருந்தது எது என்பதே அதனை முடிவு செய்கிறது.

அதற்கு முன் நீதிமன்றச் சொற்களைப் பற்றி ஒன்று. அரபு பயின்றவருக்கு இவை அந்நியமானவை அல்ல. சம்பவ இடத்தில் சாட்சிகள் முன்னிலையில் எழுதப்படும் 'மகசர்' நமது 'மஹ்ளர்' என்பதே. 'ஜப்தி' என்பது 'ளப்த்' என்னும் மூலத்திலிருந்து வந்தது. 'ஜாமீன்' நாம் ஃபிக்ஹில் படிக்கும் 'ளாமின்'. 'அமீனா', 'வக்கீல்' ஆகியவற்றுக்கு விளக்கம் வேண்டியதில்லை. இன்றைய அரபு ஏடுகள் கைப்பற்றலை 'ஹஜ்ஸு' என்றும் பறிமுதலை 'முஸாதரா' என்றும் பிரித்தே எழுதுகின்றன. தமிழில் பழைய ஜப்தியை விட்டுவிட்டு இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக் கொண்டதுதான் மயக்கத்திற்குக் காரணம்.

முதலில் பொதுச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 106ஆம் பிரிவு, குற்றத்தோடு தொடர்புடையதென ஐயுறத்தக்க எப்பொருளையும் கைப்பற்றக் காவல் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. அதனை உடனே நடுவருக்கு அறிவிக்கவும் கட்டளையிடுகிறது. வழக்கு முடியும்வரை அப்பொருளை யார் வைத்திருப்பது என்பதை 497ஆம் பிரிவும், இன்னும் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்படாத பொருளைப் பற்றி 503ஆம் பிரிவும் கூறுகின்றன. வழக்கு முடிந்தபின் செய்ய வேண்டியதை 498ஆம் பிரிவு வகுக்கிறது: குற்றம் புரியப் பயன்பட்ட பொருளை அழிக்கலாம், பறிமுதல் செய்யலாம், உரியவரிடம் ஒப்படைக்கலாம். பழைய சட்டத்தில் 451, 457, 452 என்னும் எண்களில் இருந்தவையே இவை. வழக்கறிஞர் பலர் இன்னும் பழைய எண்களையே சொல்வர்.

பழையதற்கும் புதியதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு காலக்கெடு. பொருள் முன்னிலைப்படுத்தப்பட்ட 14 நாட்களுக்குள் அதன் விவரப் பட்டியலை ஆயத்தம் செய்ய வேண்டும். ஒளிப்படமோ காணொளியோ எடுக்க வேண்டும். அதன்பின் 30 நாட்களுக்குள் அப்பொருளைப் பற்றி ஆணையிட வேண்டும். விசாரணையில் அந்தப் படமே சான்றாக நிற்கும். வண்டி நிற்க வேண்டியதில்லை.

இம்மாற்றத்திற்கு வித்திட்டது, 2002 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் அளித்த தீர்ப்பு. கைப்பற்றிய வாகனங்களை நெடுங்காலம் காவல் நிலையத்தில் நிறுத்தி வைப்பதால் எப்பயனும் இல்லை. உறுதிமொழிப் பத்திரமும் பிணையும் பெற்றுக் கொண்டு நடுவர் தக்க ஆணையை உடனே பிறப்பிக்க வேண்டும். உரிமை கோரி எவரும் வராத வாகனத்தை ஏலத்தில் விடலாம் என்பது அதன் சாரம். அவ்வழக்கின் பின்னணி வேடிக்கையானது. குஜராத்தில், கைப்பற்றப்பட்ட பொருட்களை மாற்றி வைத்ததாகவும் முறையின்றி ஏலம் விட்டதாகவும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் காவல் நிலையத்தவரே. பாதுகாக்க வேண்டிய இடமே பாதுகாப்பற்றதாயிற்று என்பதால்தான் நீதிமன்றம் அவ்வளவு விரிவாகப் பேச நேர்ந்தது. இத்தனைக்குப் பின்னும் நிலைய வளாகங்களில் கொடி படர்ந்து, சக்கரத்தில் மழைநீர் தேங்கிக் கொசு வளர்க்கும் வண்டிகளை எந்த ஊரிலும் காணலாம். அவற்றுள் ஒரு பகுதி, உரிமையாளர் மனுவே கொடுக்காததால் நிற்பவை.

மனு கொடுத்தால் கிடைப்பது 'இடைக்கால ஒப்படைப்பு'. இது விடுதலை அன்று. வண்டியை விற்கலாகாது, நிறத்தையோ உருவத்தையோ மாற்றலாகாது, நீதிமன்றம் கேட்கும்போது கொணர்ந்து நிறுத்த வேண்டும் என்னும் நிபந்தனைகளோடு, சட்டத்தின் பொருளை உரிமையாளர் தம் செலவில் காத்து நிற்கிறார். ஃபிக்ஹின் சொல்லில் கூறினால் தம்முடைய பொருளுக்கே அவர் 'அமீன்' ஆகிறார்.

விபத்தில் பிடிபட்ட வாகனத்தை இவற்றோடு சேர்த்துக் குழப்பிக் கொள்ள வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆம் பிரிவின்படி, விபத்துக்குள்ளான வண்டியை ஆய்வுக்காக எடுத்துச் சென்றால் நடைமுறைகளை முடித்து 24 மணி நேரத்திற்குள் திருப்பித் தர வேண்டும். ஆனால் காப்பீடு இல்லாத வண்டி என்றால், பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டுக்குப் பிணை கேட்கப்படும். அங்கே வண்டி எளிதில் வெளிவராது.

இனிச் சிறப்புச் சட்டங்கள். நம் குட்டியானையின் தலைவிதி இங்கேதான் மூன்றாகப் பிரிகிறது.

அதில் இருந்தது நியாய விலைக் கடை அரிசி எனக் கொள்வோம். 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் பாய்கிறது. தமிழ்நாட்டில் இதற்கெனக் குடிமைப் பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை என்று காவல்துறையில் தனிப் பிரிவே உண்டு. உரிமையாளர் வழக்கம்போல் நடுவர் நீதிமன்றத்துக்கு ஓடினால் வெறுங்கையோடு திரும்புவார். பறிமுதல் நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது வாகனத்தைப் பற்றி ஆணையிடும் அதிகாரம் வேறெந்த நீதிமன்றத்துக்கும் இல்லை என்று இச்சட்டத்தின் 6-இ பிரிவு கதவை அடைக்கிறது. அவர் செல்ல வேண்டிய இடம் மாவட்ட ஆட்சியரகம். நடைமுறையில் மாவட்ட வருவாய் அலுவலரின் மன்றம். 6-ஏ பிரிவின்படி பறிமுதல் செய்யும் அதிகாரம் ஆட்சியருடையது. குற்ற வழக்கு தொடரப்பட்டாலும் தொடரப்படாவிட்டாலும் அவர் பறிமுதல் ஆணை பிறப்பிக்கலாம். ஆயினும் எழுத்து மூலம் அறிவிப்புத் தந்து, உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்ட பின்னரே பிறப்பிக்க முடியும்.

இந்த 6-ஏ பிரிவிற்குள் பலரும் கவனிக்காத ஒரு சலுகை உறைகிறது. சரக்கையோ பயணிகளையோ வாடகைக்கு ஏற்றும் வாகனமாயின், பறிமுதலுக்கு மாற்றாக அபராதம் செலுத்தும் வாய்ப்பை உரிமையாளருக்கு அளித்தாக வேண்டும். அந்த அபராதத்தின் உச்ச வரம்பு வண்டியின் விலை அன்று. ஏற்றியிருந்த பொருளின், கைப்பற்றிய நாளைய சந்தை விலை. சில டன் அரிசியின் விலை எங்கே, பல லட்சம் பெறும் வண்டியின் விலை எங்கே! வாடகை வண்டிக்காரரின் பிழைப்பை எண்ணியே சட்டம் இயற்றியோர் இதனை வைத்தனர் எனக் கருத இடமுண்டு. சொந்த உபயோகத்திற்கான காரில் அரிசி கடத்தியவருக்கு இச்சலுகை இல்லை.

சலுகைக்கு அப்பால் ஒரு முழு விடுதலையும் உண்டு. அது 6-பி பிரிவில் உள்ளது. தமக்குத் தெரியாமலும் தம் உடந்தையின்றியும் வண்டி பயன்பட்டது என்று உரிமையாளர் மெய்ப்பித்தால் பறிமுதல் கூடாது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வாசகத்தில் ஒரு முள் இருக்கிறது. உரிமையாளர் அறியவில்லை என்பது மட்டும் போதாது. அவருடைய முகவரும், வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்தவரும் அறியவில்லை என்றும், மூவருமே தக்க முன்னெச்சரிக்கைகளைச் செய்திருந்தனர் என்றும் மெய்ப்பிக்க வேண்டும். பொறுப்பில் வைத்திருந்தவர் யார்? ஓட்டுநர்தான். தாம் ஏற்றிய மூட்டையில் இருப்பது இன்னதென்று அறியாத ஓட்டுநர் எத்தனை பேர்? ஆக, உரிமையாளர் முற்றிலும் தூயவராயினும், ஓட்டுநரின் அறிவு உரிமையாளரின் அறிவாகவே எண்ணப்பட்டு வண்டி பறிபோகலாம். இதனை நாம் கடுமையான விதி என்றே மதிப்பிடுகிறோம். எனினும் சட்டம் இவ்வாறிருக்கையில், முன்னெச்சரிக்கைக்கு எழுத்துச் சான்று வைத்திருப்பதே உரிமையாளருக்கு உள்ள தற்காப்பு: எந்நாளில், யாருடைய சரக்கு, எங்கிருந்து எங்கே சென்றது என்னும் பயணப் பதிவேடு, ரசீது இல்லாத சரக்கை ஏற்றலாகாது என ஓட்டுநரிடம் கையொப்பம் பெற்ற அறிவுறுத்தல். விசாரணையில் 'நான் சொல்லித்தான் வைத்திருந்தேன்' என்னும் வாய்ச்சொல் நிற்காது. பின்னர்க் குற்ற வழக்கில் விடுதலை கிடைத்தாலோ, மேல்முறையீட்டில் ஆணை நீங்கினாலோ வண்டியைத் திருப்பித் தர வேண்டும். தர இயலாவிடில் அதன் விலையை வட்டியோடு தர வேண்டும் என்பதும் இச்சட்டத்திலேயே உள்ளது.

அதே வண்டியில் காரைக்கால் மது இருந்திருந்தால் வழி வேறு. 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 14ஆம் பிரிவில், வாகனத்தைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு வெளியே நிர்வாக அதிகாரியிடமும் தந்திருக்கிறது. நடைமுறையில் மாவட்டக் காவல்துறையின் மதுவிலக்குப் பிரிவு அதிகாரி உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பி, விசாரித்து, ஆணை பிறப்பிக்கிறார். மாவட்டந்தோறும் அவ்வப்போது 'மதுவிலக்கு வழக்கில் பிடிபட்ட வாகனங்கள் ஏலம்' என்று வரும் அறிவிப்புகள் இதன் முடிவுகளே; அவற்றில் மிகுதியாக இடம்பெறுவன இருசக்கர வாகனங்கள். அண்டை வீட்டாரிடம் இரவல் கொடுத்த மோட்டார் சைக்கிளை ஏல மைதானத்தில் கண்டவரும் உண்டு. அறிவிப்பு வந்ததும் பதில் எழுதாமல் இருப்பதே இதில் மிகப் பெரிய கேடு. உரிமையாளர் மௌனமாக இருந்தால் ஆணைக்குத் தடையேதும் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பின், இச்சட்டத்தின் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன.

கஞ்சா முதலிய போதைப்பொருள் என்றால் 1985ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். அதன் 60ஆம் பிரிவிலும் உரிமையாளர், முகவர், பொறுப்பாளர் என்னும் அதே மூவர் சோதனை இருக்கிறது. இச்சட்டத்தில் வாகனத்தை இடையில் விடுவிக்கவே முடியாதென்று பல நீதிமன்றங்கள் கருதி வந்தன. 2025 ஜனவரி 7-இல் உச்ச நீதிமன்றம் அசாம் லாரி ஒன்றின் வழக்கில் இதனைத் தெளிவாக்கியது. உரிமையாளரே பிடிபட்டாலும், அவர் அமர்த்திய ஓட்டுநரிடமோ உதவியாளரிடமோ பொருள் இருந்தாலும் வண்டி எளிதில் வெளிவராது. வண்டி திருடப்பட்டதாயினும், உடன் ஏறி வந்த அயலாரிடம் பொருள் இருந்து உரிமையாளர் மீது குற்றச்சாட்டே இல்லாதபோதும், பிணை பெற்று வண்டியைத் தருவதே வழக்கமாக இருக்க வேண்டும். அதே ஆண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டு லாரி உரிமையாளர் ஒருவரின் மேல்முறையீட்டிலும் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகவே தீர்ப்பளித்தது. சத்தீஸ்கரிலிருந்து இரும்புத் தகடு ஏற்றி வந்த அந்த லாரியில் சில கிலோ கஞ்சா பிடிபட்டிருந்தது. உரிமையாளர் குற்றவாளிப் பட்டியலில் இல்லை. 2022ஆம் ஆண்டின் பொருள் அகற்றல் விதிகள் வந்துவிட்டதால் சிறப்பு நீதிமன்றத்துக்கு இனி அதிகாரமில்லை என்னும் வாதம் அங்கே தள்ளப்பட்டது.

மூன்றாவதும், நம் வட்டாரத்தில் மிகவும் உணர்ச்சிக்குரியதுமான சரக்கு, ஆற்று மணல். 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உரிமமின்றி கனிமத்தை எடுக்கவோ ஏற்றிச் செல்லவோ பயன்பட்ட கருவி, வாகனம் அனைத்தையும் கைப்பற்ற இடந்தருகிறது. 1999இல் சேர்க்கப்பட்ட துணைப்பிரிவின்படி பறிமுதல் ஆணையை நீதிமன்றமே பிறப்பிக்க வேண்டும், அதிகாரி அன்று. 2015இல் தண்டனை ஐந்தாண்டுச் சிறை வரை உயர்த்தப்பட்டது. இச்சட்டத்தின்கீழ் அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்து மூல முறையீடு இன்றி வழக்கை ஏற்க முடியாது என்பதால், காவல்துறை தானே வழக்குப் பதியலாமா என்னும் ஐயம் நெடுநாள் இருந்தது. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கு விடை கூறியது: ஆற்று மணல் அரசின் பொறுப்பில் உள்ள பொதுச்சொத்து, அதனை நேர்மையின்றி எடுப்பது கனிமச் சட்டக் குற்றம் என்பதோடு தனியே திருட்டுக் குற்றமும் ஆகும். இன்று அத்திருட்டுக்குரியது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு. ஒரே வண்டி இரு சட்டங்களில் சிக்குவது இதனால்தான்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018 அக்டோபர் 29-இல் மிகக் கடுமையான நிலையை எடுத்தது: மணல் கடத்தலில் பிடிபட்ட வண்டிகளை இடைக்காலமாக விடுவிப்பதே கடத்தலை வளர்க்கிறது, பறிமுதல் நடவடிக்கையையே மேற்கொள்ள வேண்டும் என்றது. பின்னர் வேறு அமர்வுகள் வைப்புத்தொகை கட்டச் செய்து விடுவித்ததும் உண்டு. ஆகவே, மணல் வழக்கில் வண்டி வெளிவருமா என்பதை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது.

நீதிமன்றத்தின் சினத்துக்குக் காரணம் உண்டு. டெல்டாவின் பாசனம், ஆற்றில் ஓடும் நீரின் மட்டம் வாய்க்கால் தலைப்பு மதகின் மட்டத்துக்கு உயர்வதை நம்பியது. படுகையிலிருந்து மணலை அள்ள அள்ள ஆறு தாழ்கிறது. மதகு மேலே நின்றுவிடுகிறது. அணை திறந்து ஆற்றில் நீர் ஓடியும் வாய்க்காலில் ஏறாத நிலையைக் கடைமடை உழவர்கள் அறிவர். நிலத்தடி நீரைத் தேக்கி வைக்கும் பஞ்சு போன்ற அடுக்கும் மணலே. எனவே ஒரு டிராக்டர் மணல் என்பது ஒரு டிராக்டர் மணல் மட்டுமன்று.

அப்படியாயினும், இரவில் பொக்லைன் வைத்து வரிசையாக லாரிகளை நிரப்புபவரும், ஒற்றை மாட்டுவண்டியில் வீடு கட்டுவோர்க்கு மணல் கொண்டு வந்து அன்றைய கூலி பார்ப்பவரும் ஒரே துணைப்பிரிவில் நிற்கின்றனர். மாட்டுவண்டியும் சட்டத்தின் கண்ணில் வாகனமே. லாரி நிலையத்தில் நின்றால் துருப்பிடிக்கும். மாடு நின்றால் தீனி கேட்கும். அதற்காகவே மாட்டை உரியவரிடம் உடனே ஒப்படைத்து, வண்டியை மட்டும் நிறுத்திக் கொள்வதும் உண்டு. அளவுக்கும் தண்டனைக்கும் உள்ள பொருத்தம் என்னும் கேள்வி இங்கேதான் எழுகிறது.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் 'டியோடாண்ட்' என்றொரு முறை இருந்தது. மனிதனின் சாவுக்குக் காரணமான பொருள் எதுவாயினும், வண்டியோ குதிரையோ, அது மன்னருக்குச் சேரும்; நடைமுறையில் அதன் விலையை உரிமையாளர் கட்டினார். பொருளே குற்றவாளி என்னும் எண்ணத்தின் எச்சம் அது. இரயில் வந்ததும் எஞ்சின்களின் மீது பெருந்தொகைகள் விதிக்கப்பட்டன. 1846இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் அவ்வெண்ணம் கடல் கடந்து அமெரிக்காவில் வாழ்ந்தது. 1996இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், தம்பதியர் கூட்டாக 600 டாலருக்கு வாங்கிய பழைய காரைக் கணவன் ஒழுக்கக்கேட்டிற்குப் பயன்படுத்தியதால் அரசு எடுத்துக் கொண்டது. ஏதுமறியாத மனைவியின் பங்கும் போயிற்று. ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில் நீதிமன்றம் அதனைச் சரியென்றது. 2019இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் சற்றுத் திரும்பியது. அதிகபட்ச அபராதமே 10,000 டாலராக உள்ள ஒரு குற்றத்துக்கு 42,000 டாலர் மதிப்புள்ள வாகனம் பறிக்கப்பட்டிருந்தது. மிகையான அபராதத்துக்கு எதிரான அரசமைப்புக் காப்பு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பாயிற்று.

நம் ஃபுகஹாக்கள் இதனைப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே 'தஃஸீர் பில் மால்', அதாவது பொருளின் வாயிலாகத் தண்டித்தல், என்னும் தலைப்பில் அலசியுள்ளனர். ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் இதனை ஏற்கவில்லை. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) ஆகுமென்றதாகக் கூறப்படுகிறது. ஷாஃபிஈ மத்ஹபின் பிந்தைய கருத்தும் ஏற்காத பக்கமே. ஹிஜ்ரி 751இல் மறைந்த இப்னுல் கைய்யிம் (ரஹ்) 'அத்துருக்குல் ஹுக்மிய்யா'வில் இதற்கு ஆதரவான சான்றுகளை அடுக்குகிறார். ஆனால் நம் பொருளுக்கு மிக நெருங்கியது, ஹிஜ்ரி 970இல் மறைந்த இப்னு நுஜைம் (ரஹ்) அபூயூசுஃபின் கருத்துக்கு எடுத்துக் காட்டும் விளக்கம். பொருளை எடுப்பது என்றால், குற்றம் புரிந்தவர் திருந்தும் பொருட்டு ஆட்சியாளர் அதனைச் சில காலம் தடுத்து வைத்துப் பின்னர் அவரிடமே திருப்பித் தருவது. தமக்கோ பொதுநிதிக்கோ எடுத்துக் கொள்வதன்று என்பதே அது. இன்றைய சொல்லில், கைப்பற்றலாம், பறிமுதல் செய்யலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த இப்னு ஆபிதீன் (ரஹ்) இன்னும் ஒருபடி சென்று, இக்கருத்தின்படி ஃபத்வா வழங்குவதே தகாது, அநீதியாளர்கள் மக்களின் பொருளை விழுங்க அது வழி திறந்துவிடும் என்னும் அச்சத்தைப் பதிவு செய்கிறார். குஜராத் காவல் நிலையத்துக் கதையைப் படித்தவருக்கு அந்த அச்சம் மிகையாகத் தோன்றாது.

ஓட்டுநரின் பிழை உரிமையாளரைச் சேருமா என்பதிலும் ஃபிக்ஹுக்கு ஒரு பார்வை உண்டு. பிராணி விளைக்கும் சேதத்துக்கு அதன் மீதமர்ந்து செலுத்துபவர், முன்னின்று இழுத்துச் செல்பவர், பின்னின்று விரட்டுபவர் என்னும் மூவரைப் பொறுப்பாளிகளாக அது எண்ணுகிறது: ராகிப், காயித், ஸாயிக். அவ்வேளையில் அது யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது என்பதே அங்கே அளவுகோல், உடைமை அன்று. சேதத்துக்கான இழப்பீடு வேறு, கடத்தலுக்கான தண்டனை வேறு என்பதை மறக்கவில்லை. என்றாலும், ஓட்டுநரின் அறிவை உரிமையாளரின் தலையில் ஏற்றும் இன்றைய மூவர் சோதனை அந்த அளவுகோலுக்கு நேர் எதிரானது என்பது கவனிக்கத் தக்கது. அரிசிச் சட்டத்தில் வாடகை வண்டிக்குள்ள மாற்று அபராதச் சலுகையை மணல், மது வழக்குகளிலும், முதன்முறை பிடிபடுவோர்க்கேனும், தெளிவான உரிமையாக வகுத்தால் ஆற்றையும் காக்கலாம், ஏழையின் ஏர்க்காலையும் காக்கலாம் என்பது எமது கருத்து.

எஞ்சியிருப்பது பதிவுச் சான்று பற்றியது. மேற்கூறிய எல்லா வாயில்களும் 'உரிமையாளர்' என்பவருக்கே திறக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு, யார் பெயரில் வாகனம் பதிவாகியுள்ளதோ அவரே உரிமையாளர் என்கிறது. தவணைக் கடனில் உள்ள வண்டிக்கு, அதனைக் கைவசம் வைத்திருக்கும் கடன்தாரர். நம் பகுதியில் பழைய வண்டியை விற்கும்போது வெற்றுப் படிவங்களில் கையொப்பமிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. வாங்கியவர் பெயரை மாற்றுவதில்லை. அவரிடமிருந்து வண்டி மூன்றாம் கைக்கும் நான்காம் கைக்கும் போகிறது. அது மணலோடு பிடிபடும் நாளில் காவலர் வந்து கதவைத் தட்டுவது முதலில் விற்றவரின் வீட்டில். கடைசியாக விலை கொடுத்து வாங்கியவரோ மனுப் போடவும் தகுதியின்றி நிற்கிறார். அச்சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும்; வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவித்துப் பெயர் மாற்றம் பெற வேண்டும். இதற்கான படிவங்கள் 29, 30 ஆகியவை திருவாரூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இணையத்திலும் கிடைக்கின்றன.